அயலூரில் ஒரு வளைகாப்பு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பொங்கலும் தீபாவளியும் பெரிய சோதனை ஆவதில்லை. பானையும் பாலும் எந்த ஊரிலும் கிடைக்கின்றன. கரும்பும் மஞ்சள் கொத்தும் சற்றே தேடினால் அகப்படுகின்றன. வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருக்கும் காலத்தில்தான் ஊரை விட்டு வந்ததன் பொருள் நமக்கு முழுமையாக விளங்குகிறது. அப்போது வேண்டியவர்கள் மனிதர்கள். தாயும் பாட்டியும் அத்தையும் சித்தியும், குரல் கொடுத்தால் ஓடி வரும் அடுத்த வீட்டு மூதாட்டியும் அருகில் இருக்க வேண்டிய காலம் அது. மும்பையில் வாழும் நமக்கோ சென்னையே ரயிலில் ஏறக்குறைய 1,280 கிலோமீட்டர். அதற்கும் தெற்கே உள்ள ஊர்களில் அவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வெற்றிடத்தை நாம் பெரும்பாலும் செலவினால் நிரப்பப் பார்க்கிறோம். உறவினர் நூறு பேர் வர இயலாத இடத்தில் மண்டபமும் மேடையும் பூ அலங்காரமும் ஒளிப்படக்காரர்களும் வந்து நிற்கிறார்கள். ஊரில் உள்ளவர்கள் படத்தைப் பார்த்து, ‘குறைவில்லாமல் செய்தார்கள்’ என்று சொல்ல வேண்டுமே என்ற அச்சம் நம்மை விரட்டுகிறது. நடுவில் அலங்கார நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்குக் கால் வீங்கியிருக்கிறதா, பசிக்கிறதா, அழ வேண்டும்போல் இருக்கிறதா என்று கேட்பார் இல்லை.

செம்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கும் நாங்கள், எங்கள் மருமகளுக்குச் சென்ற ஆண்டு எளிய முறையில் வளைகாப்பு நடத்தினோம். அதைப் பற்றிச் சங்கத்துச் சகோதரிகள் சிலர் விசாரித்தார்கள். ‘எவ்வளவு செலவாயிற்று?’ என்று கேட்டவர்களும் உண்டு. ‘பெரியவர்கள் எப்படி ஒப்புக்கொண்டார்கள்?’ என்று தாழ்ந்த குரலில் கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது கேள்விதான் கடினமானது. இரண்டுக்கும் இங்கே விடை கூற முயல்கிறோம்.

முதலில் மண்டபம். எங்கள் பகுதியில் ஓர் அரங்கத்தை விசாரித்தபோது வாடகை, உணவு, அலங்காரம், படம் யாவும் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். தொகையைவிட எங்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. அன்று மாலையே திருச்சியிலிருந்து சம்பந்தியம்மாள் தொலைபேசியில் அழைத்தார். “மண்டபத்துக்கு முன்பணம் எவ்வளவு அனுப்ப வேண்டும், சம்பந்தி? தயங்காமல் சொல்லுங்கள்” என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. சீமந்தம் கணவன் வீட்டார் பொறுப்பு, வளைகாப்பு தாய் வீட்டார் பொறுப்பு என்பது நம்மில் பல குடும்பங்களின் வழக்கம். சம்பந்தியம்மாளின் கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமானவர். குடும்ப ஓய்வூதியத்தில் அவர் வாழ்ந்து வருகிறார். மகளின் வளைகாப்புக்காகக் கையில் இருந்த இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்க அவர் எண்ணியிருந்தார் என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

தொலைபேசியை வைப்பதற்கு முன் அவர் இன்னொன்றும் சொன்னார். “வளையலை நீங்களே அடுக்கிவிடுங்கள். அன்றைக்கு நான் உள்ளே சமையல் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். அதுதான் எல்லாருக்கும் நல்லது.”

நாங்கள் இருவரும் அன்று இரவு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கணவனை இழந்தவர் என்பதால் தம் மகளுக்கு வளையல் அணிவிக்கத் தமக்குத் தகுதியில்லை என்று ஒரு தாயே கூறுகிறார். ஆனால் செலவு மட்டும் அவருடையது! செலவுக்கு அவர் வேண்டும். சபைக்கு அவர் வேண்டாம் என்றால், அந்தச் சபையில் நாம் யாரைக் கொண்டாடப் போகிறோம்?

மறு நாள் காலையில் மருமகளிடம் கேட்டோம். அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. “மூன்று மணி நேரம் பட்டுப் புடவையோடு மேடையில் உட்கார என்னால் முடியாது, அத்தை. வீட்டிலேயே செய்யலாம். அம்மா கை படாமல் எனக்கு வளையல் வேண்டாம்” என்றாள். எங்களுக்கு வேண்டிய திட்டம் முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களில் இருந்தது.

நிற்க. வளைகாப்பு என்பதன் பொருள் யாது? கருவுற்ற பெண்ணின் கைகளுக்கு வளையே காப்பாக அமைய வேண்டும் என்று பெண்கள் கூடி வாழ்த்தும் நிகழ்ச்சி அது. நெற்றியில் குங்குமம், கன்னத்திலும் கையிலும் சந்தனம், தலையில் பூ, கை நிறையக் கண்ணாடி வளை, இறுதியில் ஆரத்தி. பின்பு புளிச்சோறும் தயிர்ச்சோறும் சர்க்கரைப் பொங்கலுமாகக் கலந்த சாதங்கள். இவ்வளவே அதன் உறுப்புகள். சில குடும்பங்களில் கண்ணாடி வளைக்கு முன் வேப்பங்காம்பை வளைத்துக் கட்டிய காப்பு ஒன்றை முதலில் அணிவிப்பார்கள். மதுரையில் சொக்கநாதர் வளையல் செட்டியாராக வந்து வளையல் விற்றதைத் திருவிளையாடற் புராணம் ஒரு தனிப் படலமாகவே பாடுகிறது. கண்ணாடி வளைக்கு நம் மக்கள் தந்திருக்கும் இடம் அத்தகையது.

ஏழாம் மாதத்தை ஒட்டிக் கருவிலுள்ள குழந்தைக்கு வெளி ஓசைகள் எட்டத் தொடங்குகின்றன என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். தாயின் கையில் நாள் முழுவதும் குலுங்கும் வளையோசை குழந்தைக்குக் கேட்கும் என்று பாட்டிமார் சொல்லி வந்ததும் இதுவே. அந்த ஓசைக்கு மண்டபம் தேவையில்லை.

‘ஏழாம் மாதம் தவறினால் குற்றம், நாள் தவறினால் குற்றம்’ என்று அஞ்சுவோரும் நம்மிடையே உளர். சாத்திரத்தையே எடுத்துப் பார்த்தாலும் இந்த அச்சத்துக்கு இடமில்லை. சீமந்தத்துக்கு ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம் நான்காம் மாதத்தைக் கூறுகிறது. பாரஸ்கர கிருஹ்ய சூத்திரம் ஆறாம் மாதமோ எட்டாம் மாதமோ ஆகலாம் என்கிறது. நம் ஊர்களில் ஐந்திலும் ஏழிலும் ஒன்பதிலும் செய்கிறார்கள். நூலுக்கு நூல், ஊருக்கு ஊர் மாறுகிற ஒன்றை, வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணின் உடல்நிலைக்கு ஏற்ப ஒரு வாரம் முன்பின்னாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. மருத்துவர் வரச் சொன்ன நாள், அலுவலகத்தில் வேலை மிகுந்த நாள் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மருமகளே தேர்ந்தெடுத்தாள்.

பல மொழியினர் கலந்து வாழும் இந்த நகரத்தில் நம் அண்டை வீட்டாரின் வழக்கங்களையும் நோக்குவது நலம். மராட்டியர்கள் இதை ‘டோஹாளே ஜேவண்’ என்பார்கள். ‘டோஹாளே’ என்பது கருவுற்றவளுக்கு எழும் ஆசை, அதாவது நாம் கூறும் மசக்கை. ‘ஜேவண்’ என்பது விருந்து. பச்சைப் புடவையும் பச்சைக் கண்ணாடி வளையும் பூவால் செய்த அணிகளும் பூட்டி, அவள் விரும்பியதை உண்ணக் கொடுப்பார்கள். வங்காளியர் இதே விருந்தைச் ‘சாத்’ என்கிறார்கள். அதற்கும் ஆசை என்பதே பொருள். வட மாநிலத்தார் மடியில் தேங்காயும் பழமும் இட்டு ‘கோத் பராயி’ நடத்துகிறார்கள். மலையாளிகள் புளிச்சாறு பருகக் கொடுத்துப் ‘புளிகுடி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர்கள் வேறாயினும், அந்தப் பெண் விரும்பிய உணவை அவளுக்கு அன்பான பெண்கள் தம் கையால் ஊட்ட வேண்டும் என்பதே யாவற்றுக்கும் உயிர்.

அரசாங்கங்களும் இதை உணர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்கள் வழியாகச் ‘சமுதாய வளைகாப்பு’ நடத்துகிறார்கள். கருவுற்ற பெண்கள் பலரை ஒன்றாக அமர்த்தி, சந்தனம் பூசி, வளையல் அணிவித்து, கலந்த சாதங்கள் பரிமாறி, உணவு பற்றியும் பேறுகாலம் பற்றியும் எடுத்துரைக்கிறார்கள். 2018ஆம் ஆண்டு தொடங்கிய ‘போஷண் அபியான்’ என்னும் நாடு தழுவிய ஊட்டச்சத்து இயக்கத்தில் கோத் பராயிக்கும் இடம் உண்டு. ஓர் அங்கன்வாடிக் கூடத்தில் நிறைவாக நடக்கக்கூடியது நம் வீட்டுக் கூடத்தில் நடக்காதா?

இனி, வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பற்றிச் சில சொற்கள். அடுத்த தெருவிலோ அடுத்த ஊரிலோ பெண் எடுத்த காலத்தில் அது இயல்பாக இருந்தது. இன்று அது ஒரு பெரும் பயணம். 32 வாரங்கள் கடந்துவிட்டால் மருத்துவர் சான்று கேட்கும் விமான நிறுவனங்கள் உண்டு. மேலும், சட்டப்படி முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு என்றாலும், பேற்றுக்கு முன் எடுக்கக்கூடியது எட்டு வாரங்களே. முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குழந்தையோடு இருக்கும் காலத்தில் குறையும். ஆகையால், வளைகாப்பையும் பயணத்தையும் பிரித்துவிட்டோம். பெண் தாயிடம் போவதற்கு மாறாகத் தாய் பெண்ணிடம் வரட்டும். மூன்று மாதமாயினும் ஆறு மாதமாயினும் தங்கட்டும் என்று முடிவு செய்தோம். சம்பந்தியம்மாளுக்கு நாங்களே பயணச்சீட்டு எடுத்து அனுப்பினோம். “செலவு எங்கள் பொறுப்பு. அடுக்களையில் இருப்பதற்காக நீங்கள் வர வேண்டாம், முதல் வளையல் போடுவதற்காக வாருங்கள்” என்றும் சொன்னோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, “யோசித்துச் சொல்கிறேன்” என்றார்.

அவர் யோசிக்கும் முன் செய்தி கும்பகோணத்துக்கு எட்டிவிட்டது. அங்கே எங்கள் குடும்பத்தில் மூத்தவரான பெரியம்மா இருக்கிறார், எண்பத்திரண்டு வயது. அவர் எங்களுக்குத் தீங்கு நினைப்பவர் அல்லர். எங்கள் பிள்ளை பிறந்தபோது இதே மும்பைக்கு வந்து நாற்பது நாள் இருந்து எங்களைக் காத்தவர். அவரே, “உங்கள் சௌகரியத்துக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஆனால், இதை மட்டும் மாற்றாதீர்கள். குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊர் அந்தப் பாவப்பட்டவளைத்தான் சொல்லும்” என்றார்.

பெரியம்மாவின் சொல்லில் இருந்த நியாயத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஊர் சொல்லும் என்பது மெய். ஆனால், ஊர் சொல்லிவிடுமே என்று ஒரு தாயை நாமே முன்கூட்டித் தண்டிப்பது எப்படித் தகும்? பெரியம்மாவிடம் இதைத் தர்க்கமாகப் பேசவில்லை. சம்பந்தியம்மாளின் ஊர்க் கதையையே நினைவூட்டினோம்.

திருச்சி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். இரத்தினாவதி என்னும் பெண் அங்கே நிறைமாதமாக இருந்தாள். அவளுக்குத் துணையாகக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் ஆற்றைக் கடக்க முடியாமல் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். வலியில் துடித்த பெண்ணுக்கு இறைவனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது தல புராணம். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது வீட்டில் இரண்டு தாய்மார் நின்றார்களாம். கருவுற்ற பெண்களுக்காக வேண்டிக்கொண்டு அந்தக் கோயிலில் வாழைத்தார் படைக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

“பெரியம்மா, சாமியே தாயாகத்தானே வந்தார்? அக்கரையில் நின்ற தாய் இங்கே ஓடி வருகிறாள். நாம் வாசலில் நின்று அவளை மறிக்கலாமா?” என்று கேட்டோம். பெரியம்மா விடை கூறவில்லை. “காணொலியில் காட்டுவீர்கள் அல்லவா?” என்று மட்டும் கேட்டார்.

நாம் குடியேறியிருக்கும் மராட்டிய மாநிலத்திலேயே இதற்கு வழிகாட்டிய ஒரு கிராமம் உண்டு. கணவன் இறந்ததும் மனைவியின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியைக் கழற்றுவது ஆகிய வழக்கங்களைக் கைவிடுவதென்று கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராம சபை 2022ஆம் ஆண்டு மே மாதம் தீர்மானம் இயற்றியது. அதே மாதத்தில் மாநில அரசு மற்ற ஊராட்சிகளும் அதைப் பின்பற்றுமாறு சுற்றறிக்கை அனுப்பியது. உழவர்கள் கூடி ஒரு கிராமத்தில் செய்ததை, படித்துப் பட்டம் பெற்று நகரத்தில் வாழும் நாம் நம் வீட்டுக் கூடத்திலாவது செய்ய வேண்டாமா?

சம்பந்தியம்மாள் வந்து சேர்ந்தார். வந்த பிறகும் அவர் சம்மதம் சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. கூடத்துக்கு வேண்டிய காரியங்களைக் கவனிக்கலானோம்.

அழைப்பு அச்சிடவில்லை. தொலைபேசியில் பேசியும் நேரில் சென்றும் இருபத்தெட்டுப் பேரை அழைத்தோம். யாரை அழைப்பது என்பதற்கு ஒரே அளவுகோல் வைத்துக்கொண்டோம்: நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், தயங்காமல் யார் வீட்டுக் கதவை நம் மருமகள் தட்டுவாள்? அவர்களே வளைகாப்புக்கு உரியவர்கள். அந்த அளவுகோலின்படி பார்த்தபோது தமிழர்கள் பாதிப்பேரே இருந்தார்கள். மேல்மாடி மராட்டிய அம்மையார், எதிர்வீட்டு மலையாளச் சகோதரி, அலுவலகத் தோழியான வங்காளிப் பெண் ஆகியோரும் வந்தார்கள். மணமாகிப் பத்து ஆண்டுகளாகியும் குழந்தைப் பேறு வாய்க்காத ஓர் அம்மையார் எங்கள் கட்டடத்தில் இருக்கிறார். இத்தகைய நிகழ்ச்சிகளுக்குத் தம்மை யாரும் மனமார அழைப்பதில்லை என்று அறிந்து, அவரே ஒதுங்கிக்கொள்வது வழக்கம். மருமகள் அவர் வீட்டுக்குத் தானே சென்று, “அக்கா, பூ வைத்துவிட நீங்கள் வர வேண்டும்” என்று அழைத்தாள்.

உணவுக்குச் சமையற்காரரை அமர்த்தவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு சாதம் என்று பங்கிட்டோம். புளியோதரை ஒரு வீடு, எலுமிச்சைச் சாதம் ஒரு வீடு, தேங்காய்ச் சாதம் ஒரு வீடு. தயிர்ச்சோறும் சர்க்கரைப் பொங்கலும் எங்கள் வீடு. ஐந்து படி அரிசியை ஒருத்தியே வடித்தால் அது உழைப்பு. ஐந்து பேர் பகிர்ந்து வடித்தால் அது விளையாட்டு. வங்காளித் தோழி தங்கள் முறைப்படி பாயசம் கொண்டு வந்தாள்.

இனிப்பைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். கருவுற்ற பெண்கள் யாவருக்கும், முதல் முறை மருத்துவரிடம் செல்லும்போதும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபடியும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் நலவாழ்வுத் துறையின் வழிகாட்டுதல். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துப் பருகி, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140 மில்லிகிராம் அளவை எட்டினால் கவனம் தேவை. எங்கள் மருமகளுக்கு அந்த எல்லையைச் சற்றே தாண்டியிருந்தது. உணவில் கட்டுப்பாடு போதும் என்று மருத்துவர் கூறியிருந்தார். ஆகவே, அவளுக்கு இனிப்பு ஒரு தேக்கரண்டி. அதற்குமேல் யாரும் ஊட்டக் கூடாது என்று முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிவித்துவிட்டோம். பாசிப்பயற்றுச் சுண்டலும் வெள்ளரித் துண்டுகளும் அவளுக்காகத் தனியே வைத்தோம். வாழ்த்த வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அன்பினால் ஒரு வாய் ஊட்டினால் இருபத்தெட்டு வாய் ஆகிவிடும். அன்புக்கும் அளவு உண்டு.

வளையலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் நாட்டுக் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத்திலிருந்து வருகின்றன. 2-4, 2-6, 2-8 என்று அளவிட்டு விற்கிறார்கள். மாதம் ஏற ஏறக் கை சற்றே வீங்கும். ஆதலால், வழக்கமாக 2-4 அணியும் மருமகளுக்கு 2-6 வாங்கினோம். பழைய அளவிலேயே வாங்கிவிட்டுச் சபை நடுவில் சோப்பு நுரை தேடும் வீடுகளைக் கண்டிருக்கிறோம். பச்சையும் சிவப்புமாக வாங்கியதில் வந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு டஜன் கொடுத்தோம். பூவும் வாழையிலையும் வெற்றிலையும் வழக்கம்போல் மாட்டுங்காவில் வாங்கினோம். பயணச்சீட்டு நீங்கலாக எல்லாச் செலவும் சேர்த்துப் பதினாறாயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று.

அன்று காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரை மணிக்கு முடிப்பதென்று திட்டம். மருமகள் இளம் பருத்திப் புடவை உடுத்தியிருந்தாள். முதுகுக்குத் தலையணை வைத்த நாற்காலி, காலுக்கு ஒரு முக்காலி. அரைமணிக்கு ஒருமுறை அவள் எழுந்து சற்று நடந்துவிட்டு வருவாள். யாரும் ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்பதில்லை. புகை வேண்டாமென்று சாம்பிராணிகூடப் போடவில்லை.

விளக்கேற்றியதும் கூடத்தில் சம்பந்தியம்மாளைக் காணவில்லை. அடுக்களை வாசலில், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் அவரே வேப்பங்காம்பை வளைத்து மஞ்சள் நூலால் சுற்றிய காப்பு இருந்தது. அதை எங்களிடம் நீட்டி, “நீங்கள் போடுங்கள்” என்றார். நாங்கள் வாங்கவில்லை. மருமகள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மெல்ல நடந்து அடுக்களை வாசலுக்கே சென்று, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். “இங்கேயே போடுங்கள், அம்மா” என்றாள்.

அந்த இடத்திலேயே, மகளின் வலக்கையில் தாய் காப்பைப் பூட்டினார். அவர் கை நடுங்கிற்று. காம்பு சற்றே கீறல் விட்டது. மராட்டிய அம்மையார் ஓடி வந்து இருவர் தோளையும் பற்றிக் கூடத்துக்கு அழைத்து வந்தார். சம்பந்தியம்மாளை மகளுக்கு அருகிலேயே அமர்த்திவிட்டு, ஒன்றும் நடவாததுபோல், “அடுத்தது யார்?” என்று இந்தியில் கேட்டார். அதன் பின் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். குழந்தை இல்லாத அம்மையார்தான் மல்லிகைச் சரத்தைப் பின்னலில் சூட்டினார். அவர் அன்று மற்றவர்களைவிட அதிக நேரம் இருந்து, பாத்திரங்களைத் துலக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மராட்டியரின் விளையாட்டு ஒன்று உண்டு. மூடி வைத்த இரண்டு கிண்ணங்களில் ஒன்றில் பேடாவும் மற்றொன்றில் பர்பியும் இருக்கும். பேடா அமைந்தால் ஆண், பர்பி அமைந்தால் பெண் என்பார்கள். மேல்மாடி அம்மையார் கிண்ணங்களைக் கொண்டு வந்தார். ஆனால், இரண்டிலும் இரண்டு இனிப்புகளையும் கலந்தே வைத்திருந்தார்! எல்லாரும் சிரித்தோம். பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ‘ஆண் பிள்ளை பிறக்கட்டும்’ என்னும் பழைய வாழ்த்தை நாமும் கைவிட்டுவிடலாம். ‘தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்’ என்பதைவிட உயர்ந்த வாழ்த்து உண்டோ?

கும்பகோணத்துப் பெரியம்மா கைபேசியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் நடந்ததையும் பார்த்திருப்பார். அதைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, இன்றும் பேசியதில்லை. அவர் மனம் மாறிவிட்டது என்று நாங்கள் கூறத் துணியோம். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பேறுகால லேகியத்துக்கு வேண்டிய சுக்கு, மிளகு, ஓமம், அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி யாவும் சுத்தம் செய்து தனித்தனியே கட்டப்பட்டிருந்தன. அனுப்பியிருந்த விலாசத்தில் எங்கள் பெயர் இல்லை. சம்பந்தியம்மாளின் பெயர் இருந்தது.

எளிய வளைகாப்பு நடத்த எண்ணும் சகோதரிகளுக்கு, எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சுருங்கக் கூறுகிறோம். நாளையும் நேரத்தையும் அழைக்க வேண்டியவர்களையும் கருவுற்ற பெண்ணையே கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சீமந்தச் சடங்கும் உண்டு என்னும் குடும்பத்தார், அதை வேறொரு நாள் காலையில் புகை குறைவாக வைத்துக்கொள்ளலாம். சமையலை ஐந்து வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுங்கள். கேட்டால் மறுப்பவர் இல்லை என்பதை நாங்கள் கண்டோம். பரிசுப் பொருள் வேண்டாம் என்றும், அதற்கு ஈடாகப் பேற்றுக்குப் பின் ஆளுக்கு ஒரு நாள் மதிய உணவு அனுப்புங்கள் என்றும் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னதால், குழந்தை பிறந்த பின் மூன்று வாரம் அடுப்பு மூட்டும் கவலை பாதியாகக் குறைந்தது. மேலும், அன்று வளையல் போட்ட கைகளே அந்த வாரங்களில் குழந்தையையும் ஏந்தின.

மண்டபத்துக்கான பணம் மிச்சமானால், பேறுகாலச் செலவுக்கென்று பெண்ணின் பெயரிலேயே வைப்பில் இடுங்கள். மருத்துவமனையில் திடீரென்று வரும் கணக்கு எதுவாயினும், அப்போது சங்கிலியைத் தேட வேண்டியிராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறவர்களில் யாரையும் ராசி பார்த்துப் பின்னால் நிறுத்தாதீர்கள். ஊரில் இருந்திருந்தால் நமக்கு ஐம்பது உறவினர்கள் இருப்பார்கள்; ஒருவரை விலக்கினாலும் நாற்பத்தொன்பது பேர் மிஞ்சுவார்கள். அயலூரில் நமக்கு உள்ளவர்களோ ஒரு கை விரல்களுக்குள் அடங்குபவர்கள். இருக்கும் சில தாய்மாரில் ஒருத்தியைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தும் அளவுக்கு நாம் செல்வர்கள் அல்லர்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இவ்வாண்டு தாயாகப் போகும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் கைகளில் வளை நிறையட்டும். அவற்றை அணிவிக்கும் கைகளும் நிறையட்டும். தாயும் சேயும் நலமாக வாழ்க.